‘முடித்தால் என்ன தருவீர்கள்?’ – இனிப்பில்லாத பாராட்டு குறித்து வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் குழந்தைகளின் பல் சொத்தையைப் பற்றி எழுதியபோது, பாராட்டுவதற்காகக் கொடுக்கும் மிட்டாயைக் கொஞ்ச காலம் நிறுத்திப் பாருங்கள் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். பல் துலக்குவது பற்றி எழுதிய அத்தனையையும் விட்டுவிட்டு, அந்த ஒரு வரியைப் பற்றியே இந்த மாதம் பெரும்பாலான கடிதங்கள் வந்திருக்கின்றன. தொடக்கப் பள்ளியில் 31 ஆண்டுகள் வகுப்பெடுத்தவள் என்ற முறையில் எனக்கும் இதில் சொல்ல வேண்டியது நிறைய உண்டு, திருத்திக்கொண்டதும் உண்டு. ஆகவே இம்முறை பக்கம் முழுவதும் அந்தக் கடிதங்களுக்கே.

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. வீட்டுப்பாடம் முடித்தால் சாக்லேட், ஊசிக்கு அழாமல் இருந்தால் ஐஸ்கிரீம், நல்ல மதிப்பெண் வாங்கினால் கேக் என்று நாங்களே பழக்கிவிட்டோம். இப்போது செருப்பை எடுத்து உரிய இடத்தில் வைக்கச் சொன்னாலும் ‘வச்சா என்ன தருவ?’ என்று கேட்கிறான். கடைவாய்ப் பற்கள் இரண்டில் சொத்தை விழுந்துவிட்டது. சாக்லேட்டை நிறுத்தினால் படிப்பதையும் நிறுத்திவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், கும்பகோணம்

பதில்: அன்புச் சகோதரி, முதலில் உங்கள் மகன் பேராசைக்காரன் என்ற எண்ணம் உங்களுக்குள் வந்திருந்தால் அதை விட்டுவிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் ஏற்படுத்திய ஒரு கணக்கை அவன் நன்றாகப் புரிந்துகொண்டு அதன்படி நடக்கிறான், அவ்வளவுதான். வேலைக்குக் கூலி உண்டு என்று சொல்லிக் கொடுத்த பிறகு, செருப்பு வைப்பதற்கு மட்டும் ஏன் கூலி இல்லை என்று அவன் கேட்பது அவனளவில் நியாயமான கேள்வியே.

இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் பிள்ளைக்கு எதிராக வேலை செய்கிறது. லியன் பிர்ச் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் சக ஆய்வாளர்களுடன் 1980-ல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரு தின்பண்டத்தைப் பரிசாகக் கொடுக்கும்போது பாலர் வகுப்புக் குழந்தைகளுக்கு அதன்மேல் விருப்பம் கூடுவதைக் கண்டார். 1984-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், ஒரு பானத்தைக் குடித்தால் பரிசு என்று சொன்னபோது அந்தப் பானத்தின் மேலிருந்த விருப்பமே குழந்தைகளுக்குக் குறைந்து போனது. அதாவது ‘கீரையைச் சாப்பிட்டு முடி, ஐஸ்கிரீம் தருகிறேன்’ என்று நாம் சொல்லும் ஒவ்வொரு முறையும், ஐஸ்கிரீம் உயர்ந்தது, கீரை சகித்துக்கொள்ள வேண்டியது என்று நம் வாயாலேயே பாடம் நடத்துகிறோம். கீரையின் இடத்தில் வீட்டுப்பாடத்தை வைத்துப் பாருங்கள், உங்கள் வீட்டில் நடப்பது விளங்கும்.

அளவையும் சொல்லிவிடுகிறேன். உணவில் சேர்க்கப்படும் சர்க்கரையிலிருந்து கிடைக்கும் கலோரி, ஒருவருடைய அன்றாட மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், ஐந்து சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். ஏழு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்குச் சுமார் 1700 கலோரி தேவை என்று வைத்துக்கொண்டால், ஐந்து சதவீதம் என்பது ஏறத்தாழ 21 கிராம், ஐந்து தேக்கரண்டி. காலையில் பாலில் போடுவதும் மாலையில் பிஸ்கட்டில் இருப்பதும் சேர்ந்தே அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். பல்லைப் பொறுத்தவரை அளவைவிட எத்தனை முறை என்பதே பெரிய விஷயம். ஒவ்வொரு முறை இனிப்பு வாய்க்குள் போகும்போதும் கிருமிகள் அதை அமிலமாக்குகின்றன, பல் பழைய நிலைக்குத் திரும்ப நேரம் பிடிக்கிறது. செருப்புக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று என்று நாள் முழுக்கக் கொடுத்தால் அந்த நேரம் கிடைப்பதே இல்லை.

இனி என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். சாக்லேட்டைத் தடை செய்யாதீர்கள், வேலையிலிருந்து பிரித்துவிடுங்கள். சனிக்கிழமை மாலை வீட்டில் எல்லோருக்கும் ஆளுக்கொன்று, அந்த வாரம் யார் எப்படி நடந்துகொண்டாலும் சரி, என்று வைத்துக்கொள்ளுங்கள். குறும்பு செய்ததற்காக அதைப் பிடுங்கவும் கூடாது, நன்றாகப் படித்ததற்காக ஒன்று கூட்டவும் கூடாது. இந்த மாற்றத்தை அவனிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்: ‘உன் பல் கெட்டுப் போனதற்கு நாங்கள்தான் காரணம், அதனால் மாற்றுகிறோம்.’ முதல் சில நாட்கள் அழுவான், பேரம் பேசுவான், ஒன்றிரண்டு நாள் வீட்டுப்பாடம் செய்யாமலும் போகலாம். அதைத் தாங்கிக்கொள்ளுங்கள், வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் அவரும் புரிந்துகொள்வார்.

சாக்லேட் போன இடத்தில் எதை வைப்பது? அவன் எழுதி முடித்ததும் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைப் புரட்டுங்கள். ‘சூப்பர்’ என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடாதீர்கள். கண்ணில் பட்ட ஒன்றை மட்டும் சொல்லுங்கள். ‘நேற்று இந்த ழகரத்தை மூன்று முறை அழித்து அழித்து எழுதினாய், தாள் கூடக் கிழிந்துவிட்டது, இன்று ஒரே தடவையில் வந்துவிட்டதே!’ என்று சொல்லிப் பாருங்கள். அந்தக் கிழிந்த இடத்தை அம்மா பார்த்திருக்கிறாள் என்று தெரியும்போது பிள்ளையின் முகம் போகும் போக்கை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், ஒரு சாக்லேட்டுக்கும் அப்படிப் போனதில்லை.

பெரிய விஷயங்களுக்கு, சைக்கிள் ஓட்டப் பழகியது, நீச்சல் வந்தது, ஒரு புத்தகத்தைத் தானாக முதலிலிருந்து கடைசி வரை படித்து முடித்தது போன்றவற்றுக்கு, வீடே சேர்ந்து கொண்டாடுங்கள். அன்று இரவு மொட்டை மாடியில் பாய் விரித்து எல்லோரும் படுப்பது, அப்பாவுடன் அவன் மட்டும் காவிரிப் படித்துறைக்குப் போய் வருவது, தாத்தாவுக்குத் தொலைபேசியில் அழைத்து நடந்ததை அவன் வாயாலேயே சொல்ல வைப்பது, இவற்றில் எது வேண்டும் என்று அவனையே கேட்கலாம். சாக்லேட்டுக்குப் பதிலாகக் கைப்பேசியையோ ரூபாய் நோட்டையோ மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பண்டம் மாறும், பேரம் அப்படியே இருக்கும். ஊசியைப் பற்றி ஒரு சொல்: அழாமல் இருப்பது ஒரு சாதனை என்று பிள்ளையிடம் சொல்லவே வேண்டாம். வலித்தால் அழட்டும். மடியில் வைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

கேள்வி: எனக்கு 68 வயது. நல்ல செய்தி சொன்னால் ‘உன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்’ என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். பேத்தி மாவட்ட அளவில் ஓட்டப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தாள். ஆசை ஆசையாகக் கேசரி கிண்டி வைத்தால், மருமகள் உங்கள் பத்திரிகையை எடுத்துக் காட்டுகிறாள். இனிப்பே கூடாது என்றால் அது என்ன கொண்டாட்டம்?
– ஒரு பாட்டி, கோயம்புத்தூர்

பதில்: அம்மா, உங்கள் கேசரியில் ஒரு குறையும் இல்லை. நெய்யில் முந்திரியை வறுத்து, ஏலக்காய் தட்டிப் போட்டு, பேத்தி வரும் நேரம் பார்த்து அடுப்பிலிருந்து இறக்கியிருப்பீர்கள். அதைத் தடுக்க நான் யார்? தீபாவளிக்கு அதிரசமும் பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கலும் வீட்டில் இருக்கத்தான் வேண்டும். அவை நாளுக்கு உரியவை. முதலாவதாக வந்தவளுக்கும் கடைசியாக வந்தவளுக்கும் ஒரே கரண்டியால் ஒரே அளவில் விழுபவை. நான் எழுதியது வேறு: ‘இதைச் செய்தால்தான் இது’ என்று வைக்கும் இனிப்பு.

உங்கள் காலத்தில் கேசரி என்பது விசேஷ நாள் பலகாரம். வீட்டில் சீனி அளந்து செலவான காலம் அது. இன்று அதே பேத்தியின் பள்ளிப் பையிலேயே கிரீம் பிஸ்கட் இருக்கிறது, தெருமுனையில் கேக் கடை இருக்கிறது, ‘ஸ்வீட் எடு, கொண்டாடு’ என்று தொலைக்காட்சி வருஷக்கணக்காகச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. இனிப்பு அரிதாக இருந்தபோது அது மகிழ்ச்சியின் அடையாளமாக இருந்தது. தினமும் கிடைக்கிற ஒன்றை வைத்து இன்று விசேஷ நாள் என்று பிள்ளைக்கு எப்படிக் காட்டுவது? உங்கள் மருமகளின் கவலையும் அதுவாகத்தான் இருக்கும், அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் உங்களிடம் நான் கேட்க விரும்புவது இது. உங்கள் தலைமுறையின் கையில் இனிப்பைவிடப் பெரிய பாராட்டுகள் இருந்தன. அவற்றை ஏன் விட்டுவிட்டோம்? பிள்ளையின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து, விரல்களைத் தன் நெற்றிப் பொட்டில் வைத்து நெட்டி முறிப்பார்களே, அந்தச் சடசடச் சத்தம் எனக்கு அறுபது வயதுக்கு மேலும் காதில் இருக்கிறது. எந்தப் போட்டிக்காக என் பாட்டி எனக்கு நெட்டி முறித்தார் என்பது மறந்துவிட்டது, அவருடைய விரல்களில் இருந்த மஞ்சள் வாசனை மறக்கவில்லை. வாசலில் நிறுத்தி ஆரத்தி எடுப்பது, ஊர்க் கண்ணெல்லாம் பட்டிருக்கும் என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவது, தென் மாவட்டங்களில் பெண்கள் கூடிக் குலவையிடுவது, பெரியவர்கள் கூடிய இடத்தில் கூப்பிட்டு நிறுத்தித் துண்டு போர்த்துவது, இவை எதிலும் ஒரு துளி சர்க்கரை இல்லை. இவற்றை நேரில் வந்துதான் செய்ய முடியும், ஆள் அனுப்பிக் கடையில் வாங்க முடியாது.

கேசரியை ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்குமாகக் கிண்டுங்கள். பேத்திக்கு அவளை வாசலில் நிறுத்தித் திருஷ்டி சுற்றுங்கள்; பிறகு பக்கத்தில் உட்கார வைத்து, ஓடத் தொடங்கியதிலிருந்து கோட்டைத் தொட்டது வரை ஒரு அடி விடாமல் கேளுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. இரண்டு ஆண்டுகளாக அவளுக்கு முதல் வகை நீரிழிவு. தினமும் இன்சுலின் போடுகிறோம். அவள் படிக்கும் சி.பி.எஸ்.இ. பள்ளியில் பிறந்த நாள், வினாடி வினா, விளையாட்டு விழா எல்லாவற்றுக்கும் சாக்லேட்தான். சென்ற மாதம் ஓவியப் போட்டியில் வென்ற எல்லோருக்கும் சாக்லேட் டப்பா கொடுத்துவிட்டு, ‘உனக்கு வேண்டாம் இல்லையா’ என்று இவளுக்கு மட்டும் ஒரு பென்சில் கொடுத்திருக்கிறார்கள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. பள்ளியிடம் எப்படிப் பேசுவது?
– ஒரு தந்தை, திருநெல்வேலி

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நெடுநேரம் எழுத முடியவில்லை. அந்தப் பென்சிலைக் கொடுத்த ஆசிரியையைப் போல ஒரு காலத்தில் நானும் இருந்தேன்.

என் மேசை இழுப்பறையில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும், அது நிறைய ஆரஞ்சு மிட்டாய். ஏழாம் வாய்ப்பாட்டைத் தடங்கலில்லாமல் சொன்னால் ஒன்று, சொல்வதெழுதுதலில் பிழையில்லாவிட்டால் ஒன்று. நான்காம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு சிறுமி மற்றவர்களைப் போலவே எழுந்து வந்து கை நீட்டி வாங்கிக்கொள்வாள். ஒரு நாள் அவளுடைய ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து எறும்புகள் வரிசையாக வெளியே வந்தன. திறந்து பார்த்தால் உள்ளே பதினோரு மிட்டாய், ஒன்றின் காகிதம் கூடப் பிரிக்கப்படவில்லை. அவளுக்கும் உங்கள் மகளுக்கு இருக்கும் அதே நோய்தான் என்பதை அன்று மாலை அவளுடைய தாய் வந்து சொன்னபோதுதான் அறிந்தேன். ‘ஏன் கண்ணு, வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே?’ என்று கேட்டேன். ‘சாப்பிடக் கூடாதுன்னு தெரியும் டீச்சர். ஆனா நீங்க கொடுத்தது, தூக்கிப் போட மனசு வரல’ என்றாள். அவள் சேர்த்து வைத்திருந்தது மிட்டாயை அல்ல என்று எனக்கு அன்று புரிந்தது. அந்த டின்னை மறுநாள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். பிறகு ஓய்வு பெறும் வரை அது வகுப்பறைக்குத் திரும்பவில்லை.

ஆகவே பள்ளியிடம் பேசும்போது, ‘என் மகளுக்கு மட்டும் வேறு பரிசு கொடுங்கள்’ என்று கேட்காதீர்கள். அதைத்தான் அவர்கள் நல்லெண்ணத்தோடு செய்தார்கள். அதனால்தான் அவள் தனியாக நின்றாள். எல்லோருக்குமான பரிசை மாற்றச் சொல்லுங்கள். உங்களுக்குத் துணையாக ஒரு ஆவணமும் இருக்கிறது. சிறுவர்களிடையே இரண்டாம் வகை நீரிழிவு பெருகுவதைச் சுட்டிக்காட்டி, தன் கீழுள்ள பள்ளிகள் அனைத்திலும் ‘சர்க்கரைப் பலகை’ வைத்து, ஒரு நாளைக்கு எவ்வளவு சர்க்கரை போதும், பரவலாக உண்ணும் தின்பண்டங்களில் எவ்வளவு இருக்கிறது என்று மாணவர்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்று மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் (சி.பி.எஸ்.இ.) 2025 மே மாதம் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. உங்கள் மகளின் நோய் முதல் வகை; அது இனிப்புத் தின்பதால் வருவதன்று. உடலின் எதிர்ப்பாற்றலே கணையத்தின் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது. இந்த வேறுபாட்டைத் தலைமையாசிரியரிடம் முதலிலேயே விளக்குங்கள், இல்லாவிட்டால் ‘சின்ன வயதில் நிறைய சாக்லேட் சாப்பிட்டாளா?’ என்ற கேள்வி உங்கள் மகளின் காதில் விழும். ஆனாலும், சுவரில் சர்க்கரையின் அளவை எழுதி வைத்துவிட்டு மேடையில் சாக்லேட் டப்பாவைக் கொடுப்பது பொருந்தாது என்பதை எந்தத் தலைமையாசிரியரும் ஏற்றுக்கொள்வார்.

ஓவியப் போட்டி என்றால், வென்ற ஓவியங்களுக்குச் சட்டம் போட்டு ஓர் ஆண்டு பள்ளி நுழைவாயிலில் மாட்டச் சொல்லுங்கள், கீழே பெயரும் வகுப்பும் எழுதி. பிறந்த நாளுக்குச் சாக்லேட் விநியோகிப்பதற்குப் பதில் வகுப்பு நூலகத்துக்கு ஒரு புத்தகம், முதல் பக்கத்தில் கொடுத்த பிள்ளையின் கையெழுத்தோடு. விளையாட்டு விழாவுக்குப் பதக்கமும் சான்றிதழுமே தாராளம்.

ஒன்றில் மட்டும் மிகக் கண்டிப்பாக இருங்கள். இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்போது உங்கள் மகளுக்குக் குளுக்கோஸே மருந்து. அந்தக் குளுக்கோஸ் பொட்டலம் அவள் பையிலும் வகுப்பாசிரியர் மேசையிலும் எப்போதும் இருக்க வேண்டும். ஓடி விளையாடும் நாட்களில் சர்க்கரை இறங்க வாய்ப்பு அதிகம் என்பதால் உடற்கல்வி ஆசிரியரிடமும் ஒன்று. எவ்வளவு கொடுப்பது, எத்தனை நிமிடத்தில் மறுபடியும் சோதிப்பது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கி ஒட்டிவையுங்கள். ‘இவளுக்கு மட்டும் வகுப்பில் இனிப்பா?’ என்று மற்ற பிள்ளைகள் கேட்கும் நிலையும், ‘இவளுக்கு மட்டும் இனிப்பில்லை’ என்று பார்க்கும் நிலையும் மிட்டாய்ப் பரிசு இருக்கும் வகுப்பில்தான் வரும்.

அந்தப் பென்சிலை மகள் இன்னும் வைத்திருந்தால் அதைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள். வென்ற ஓவியத்தைப் பள்ளியிலிருந்து கேட்டு வாங்கி, வீட்டின் முன் அறையில், வருபவர்கள் கண்ணில் படும் இடத்தில் மாட்டுங்கள்.

கேள்வி: அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியை நான். வகுப்பில் 38 பிள்ளைகள். மிட்டாயை விட்டுவிட்டு நட்சத்திர ஸ்டிக்கருக்கு மாறிவிட்டேன். முதலில் ஆர்வமாக இருந்தார்கள். இப்போது ஸ்டிக்கர் தீர்ந்துவிட்ட நாளில் யாரும் கை தூக்குவதில்லை. என் கைக்காசில் இதற்கு மேல் செலவிடவும் முடியவில்லை.
– ஓர் ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

பதில்: டீச்சர், நீங்கள் கண்டது உங்கள் வகுப்பில் மட்டும் நடப்பதில்லை. 1973-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாலர் பள்ளியில், வண்ணப் பேனாவால் வரைவதில் தாமாகவே ஆர்வம் கொண்ட குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் நாடாவும் வைத்த சான்றிதழ் உண்டு என்று முன்பே சொன்னார்கள். இரண்டாவது குழுவிடம் ஒன்றும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்குப் பரிசு என்ற பேச்சே இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, முன்கூட்டியே பரிசு பேசப்பட்ட குழந்தைகள் வரைவதில் செலவிட்ட நேரம், மற்றவர்கள் செலவிட்டதில் ஏறக்குறைய பாதியாக இருந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. கவனியுங்கள், அங்கே மிட்டாயே இல்லை, வெறும் காகிதம்தான். முன்பே பேசி வைத்த பேரம்தான் ஆர்வத்தைத் தின்றது.

அதனால் ஸ்டிக்கரை அடுத்த மாதமும் வாங்காதீர்கள். அரசுப் பள்ளியில் காசில்லாமல் கொடுக்கக்கூடிய பெருமைகள் நிறைய இருக்கின்றன. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிக்கும் முறை, மணி அடிக்கும் முறை, ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து வகுப்புக்குக் கதை படித்துக் காட்டும் பத்து நிமிடம், வாசிப்பு மூலையின் சாவி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு. இவற்றையும் ‘யார் முதலில் முடிக்கிறீர்களோ அவர்களுக்கு’ என்று அறிவித்துவிடாதீர்கள்; முறை வைத்து எல்லோருக்கும் வரட்டும், ஒரு பிள்ளை எதையாவது முயன்று சாதித்த நாளில் அதைச் சொல்லி அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள். நோட்டில் ‘நன்று’ என்று எழுதும் இடத்தில் ஒரு முழு வாக்கியம் எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து நோட்டு என்று வைத்தால், எட்டுப் பள்ளி நாட்களில் 38 பேரையும் தொட்டுவிடலாம். 1998-ல் மியூல்லர், டுவெக் என்ற இரு ஆய்வாளர்கள் ஐந்தாம் வகுப்பு மாணவர்களிடம் செய்த ஆய்வில், ‘நீ புத்திசாலி’ என்று பாராட்டப்பட்டவர்கள் ஒரு தோல்விக்குப் பிறகு சோர்ந்தார்கள், ‘நீ நன்றாக உழைத்தாய்’ என்று பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள். உங்கள் வாக்கியம் எதைச் சொல்ல வேண்டும் என்பதற்கு இது உதவும்.

இன்னொன்றும் உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன், நம் மாநிலத்துப் பள்ளிகளுக்கே உரிய ஒன்று. 1982-ல் சத்துணவுத் திட்டமாக விரிந்த மதிய உணவுத் திட்டமும், 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் உணவை எந்த நிபந்தனையும் இல்லாமல் பிள்ளையின் தட்டில் வைத்தன. எட்டாம் வாய்ப்பாடு சொன்னால்தான் முட்டை என்று எந்தச் சத்துணவுக் கூடத்திலும் யாரும் சொல்வதில்லை. கூடத்தில் அப்படி ஒரு மரியாதையோடு உணவு பெறும் பிள்ளை, வகுப்பறைக்குள் வந்து ஒரு மிட்டாய்க்காகக் கை தூக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான எண்ணம். நீங்கள் மிட்டாயை நிறுத்தியது சரியே. ஸ்டிக்கரையும் விட்டுவிட்டால் முழுமையாகும்.

கேள்வி: பதவி உயர்வு கிடைத்ததும் அலுவலகத்தில் ‘ட்ரீட் எப்போ?’ என்று துளைக்கிறார்கள். எனக்குச் சர்க்கரை நோயின் ஆரம்ப நிலை என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார், பிரிவில் இன்னும் மூவருக்கு இருக்கிறது. இனிப்பு வாங்கி வைக்க மனமில்லை. கஞ்சன் என்று பெயர் எடுக்கவும் விருப்பமில்லை.
– ஒரு வாசகர், சென்னை

பதில்: மாலை நான்கு மணிக்கு எல்லோரையும் அழைத்து, இந்தப் பதவி உயர்வுக்கு அவரவர் எப்படி உதவினார்கள் என்று பெயர் சொல்லி இரண்டிரண்டு வரி பேசுங்கள். இரவு பத்து மணிவரை உங்களோடு உட்கார்ந்து கணக்குச் சரிபார்த்தவர், விடுப்பெடுத்தபோது உங்கள் வேலையையும் பார்த்தவர், தவறைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னவர் என்று அவர்கள் இருப்பார்கள். கூடவே சர்க்கரை போடாத தேநீரும் சுண்டலும் வைக்கலாம், அதில் தவறே இல்லை. பெரியவர்கள் மாலையில் பசியோடு இருப்பார்கள். மற்ற மூவரும் உங்களுக்கு மனத்துக்குள் நன்றி சொல்வார்கள்.

கேள்வி: நான் பிளஸ் டூ முடித்திருக்கிறேன். 600-க்கு 512. முடிவு வந்த அன்று அப்பா ஐந்து கிலோ மைசூர்பாகு வாங்கித் தெரு முழுவதும் கொடுத்தார். அரையாண்டுத் தேர்வில் நான் இயற்பியலில் தோல்வியடைந்தேன். பொதுத் தேர்வில் 84 எடுத்திருக்கிறேன். அதைப் பற்றி வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. இப்படி வருத்தப்படுவது நன்றிகெட்டதனமா?
– ஒரு மாணவி, மதுரை

பதில்: இல்லை, மகளே. ஒரு துளியும் இல்லை.

512 என்பது ஊருக்குச் சொல்ல வசதியான எண். தமிழ்நாட்டில் பொதுத் தேர்வு முடிவில் மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கம் 2017-ல் நிறுத்தப்பட்டது. அதுவரை முடிவு வந்த மறுநாள் செய்தித்தாள்களில் ஒரே மாதிரியான படம் வரும்: பெற்றோர் இருபுறமும் நின்று பிள்ளையின் வாயில் இனிப்பை ஊட்டுவார்கள், மூவரும் படம் எடுப்பவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பட்டியல் நின்றது, அந்தப் படம் மட்டும் நம் வீடுகளில் தங்கிவிட்டது. வாயில் இனிப்பை வைத்த பிறகு பிள்ளை எப்படிப் பேசும்?

நீங்கள் உண்மையில் வென்ற இடம் அந்த 84. டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவில் எத்தனை இரவு, எந்தப் பாடத்தில் சிக்கி அழுதீர்கள், எந்தக் கணக்கு முதலில் திறந்து கொடுத்தது, யாரிடம் போய்ச் சந்தேகம் கேட்டீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கு மட்டுமே தெரியும். அது மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று ஏங்குவது மனித இயல்பு. அதே சமயம் உங்கள் அப்பாவைப் பற்றியும் நான் கொஞ்சம் பேச வேண்டும். ஐந்து கிலோ மைசூர்பாகைத் தூக்கிக்கொண்டு வெயிலில் வீடு வீடாகப் போன மனிதருக்கு உங்கள்மேல் பெருமை இல்லாமல் இருக்குமா? அதைச் சொல்லும் மொழி அவருக்கு அது ஒன்றுதான் கற்பிக்கப்பட்டிருக்கிறது. அவர் பள்ளி முடித்தபோது அவருடைய வீட்டில் என்ன செய்தார்கள் என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள்.

அவராகக் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அரையாண்டு இயற்பியல் விடைத்தாள் உங்களிடம் இருக்கும். இப்படி எழுதியவர் அதைக் கிழித்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். இரவு சாப்பாடு முடிந்து, தொலைக்காட்சியை நிறுத்திய பிறகு, அதையும் மதிப்பெண் பட்டியலையும் எடுத்துக்கொண்டு போய் அப்பாவின் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சிவப்பு மையில் இருக்கும் எண்ணை முதலில் காட்டுங்கள். உடனே பேசத் தொடங்கிவிடாதீர்கள். அவர் எழுந்துபோய்த் தன் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, போட்டுக்கொண்டு வந்து உட்காரும் வரை பொறுத்திருங்கள்.